புதுப்பேட்டை பிரேக் ஷெட்டில் எங்கள் ஸ்பிட்ஃபயர்

ஆதித்தனார் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்து ஒன்றில் இருக்கிறது இந்த ஷெட். பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் பழைய பிரேக் டிரம்கள் ஐந்தாறு ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், அதுதான் அடையாளம். "பிரேக் பாய் ஷெட்" என்று கேட்டால் தெருவில் யாரும் கை காட்டுவார்கள். எங்கள் வண்டி அங்கே ஐந்து வாரம் நின்றது. செலவு 55,700 ரூபாய். பழைய கார் வைத்துக்கொண்டு, பிரேக்கில் என்ன கோளாறு என்றே பிடிபடாமல் அலைகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வண்டி டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3, 1968 மாடல். 1296 சி.சி., இரண்டே பேர் உட்காரும் திறந்த கார். அப்பா 1966-ல் வண்டலூர் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர். ஹெரால்டு கார் லைனில் பின் ஆக்ஸில் பக்கம்தான் அவருக்கு வேலை. ஹெரால்டைக் கழற்றிப் பூட்டியவர்களுக்கு ஸ்பிட்ஃபயர் அந்நியம் இல்லை. இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி. ஹெரால்டின் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, குட்டையாக்கித்தான் 1962-ல் ஸ்பிட்ஃபயரைக் கொண்டுவந்தார்கள். ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் ஓடாமல் கிடந்த இந்த வண்டியை அப்பா 1991-ல் வாங்கி, குரோம்பேட்டை வீட்டுக்கு லாரியில் ஏற்றி வந்தார். வாங்கினாரே தவிர, பிள்ளைகள் படிப்பு, கல்யாணம் என்று வரிசையாக வந்ததில் வண்டி தார்ப்பாய்க்கு அடியிலேயே இருந்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் கையில் எடுத்தேன். டிங்கரிங், பெயிண்ட், எஞ்சின் எல்லாம் ஒருவழியாக முடிந்து, அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறிய அன்றைக்குத்தான் பிரேக் தன் குணத்தைக் காட்டியது.

பல்லாவரம் வரை ஒரு குறையும் இல்லை. மீனம்பாக்கம் நெருங்கும்போது வண்டி கனக்க ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. ஓரம்கட்டி இறங்கினால் இடது முன் சக்கரத்திலிருந்து கருகல் வாடை, கையை வைக்க முடியாத சூடு. டீ குடித்துவிட்டு அரை மணி நேரம் கழித்து எடுத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. மறுபடி ஏழெட்டு கிலோமீட்டர், மறுபடி அதே கதை. ஹேண்ட் பிரேக்கும் வீட்டு வாசல் சரிவில் நிற்கவில்லை.

முதலில் ஒரு பெரிய வொர்க்‌ஷாப்புக்குத்தான் போனோம். பெயர் வேண்டாம். கண்ணாடி அறை, ஏ.சி., காபி எல்லாம் உண்டு. மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் பாகம்) மாற்றினார்கள், டிஸ்க்கைப் பிடிக்கும் முன் பேடுகளை மாற்றினார்கள். 38,400 ரூபாய் பில். வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே இடது சக்கரம் பிடித்துக்கொண்டது. திரும்பப் போனபோது, "கேலிப்பர் ரெண்டையும் இம்போர்ட் பண்ணி மாத்திப் பார்ப்போம் மேடம்" என்றார்கள். கேலிப்பர் என்பது முன் சக்கரத்தில் பிஸ்டனால் பேடுகளை அழுத்தும் பாகம். அந்த "மாத்திப் பார்ப்போம்" எனக்கு ஆத்திரத்தை மூட்டியது. நான் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறவள். எதனால் என்று தெரியாமல் எதை மாற்றுவது?

அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் சொல்லித்தான் புதுப்பேட்டைக்கு வந்தோம். பாய்க்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் கொண்டுபோன பில்லை வாங்கிப் பார்க்கவே இல்லை. சாவியை வாங்கினார், அப்பாவை ஸ்டூலில் உட்கார வைத்தார், தானே வண்டியை எடுத்துக்கொண்டு போனார். இருபத்தைந்து நிமிஷம் கழித்து, முன்சக்கரம் புகைய, வேண்டுமென்றே பிடித்த நிலையிலேயே கொண்டுவந்து நிறுத்தினார். "ஆற விடக் கூடாதும்மா. ஆறிட்டா பொய் சொல்லும்" என்றார்.

அடுத்த பத்து நிமிஷம் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஸ்பிட்ஃபயரின் முன்பக்கம் முழுவதும், மட்கார்டு உட்பட, ஒரே துண்டாக முன்னால் சாய்ந்து திறக்கும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். பாய் முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, வலது சக்கரத்தைச் சுற்றச் சொன்னார். சுற்றியது. இடது சக்கரத்தை இரண்டு கையாலும் தள்ளினேன், அசையவில்லை. "ரெண்டு பக்கமும் பிடிச்சா மாஸ்டரைச் சந்தேகப்படலாம். ஒரு பக்கம்தான் பிடிக்குதுன்னா மாஸ்டர் மேல எதுக்குப் பழி?" என்றார். அப்புறம் இடது சக்கரத்துக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் சேஸிஸோடு சேரும் மேல் இணைப்பை ஸ்பேனரால் கால் சுற்று தளர்த்தினார். பிரேக் ஆயில் இரண்டு சொட்டு கசிந்தது. "இப்ப சுத்துங்க." சக்கரம் அப்படியே இறுகி நின்றது. இணைப்பை மறுபடி இறுக்கினார். கேலிப்பரில் ஆயிலை வெளியே விடும் நிப்பிளில் ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலுக்குள் விட்டு, நிப்பிளைத் திறந்தார். கறுப்பு டீ நிறத்தில் ஆயில் பீச்சி அடித்தது. நான் கையை வைத்திருந்த சக்கரம் அந்த நொடியில் விட்டுக்கொடுத்து, தானாகக் கொஞ்சம் உருண்டது.

மேலே திறந்தால் அழுத்தம் இல்லை, கீழே திறந்தால் இருக்கிறது. நடுவில் இருப்பது ஒரு முழ ரப்பர் ஹோஸ் மட்டும்தான்.

அந்த ஹோஸைக் கழற்றி, கத்தியால் நீளவாக்கில் பிளந்து என் கையில் கொடுத்தார். வெளியே பளபளவென்று புதுசு போல இருந்தது. அதை நம்பித்தான் நானும் மாற்றாமல் விட்டிருந்தேன். உள்ளே ரப்பர் ஊறி உப்பி, ஊசிக்காது அளவுக்குத்தான் வழி இருந்தது. நாம் பெடலை மிதிக்கும்போது அழுத்தம் பலமாக இருப்பதால் ஆயில் அந்த ஓட்டையிலும் புகுந்து போய்விடுகிறது. திரும்பி வருவதற்கு அந்த பலம் கிடையாது. டிஸ்க் பிரேக்கில் பிஸ்டனைப் பின்னால் இழுக்க ஸ்பிரிங் எதுவும் இல்லை. அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் மிதிக்கும்போது லேசாக முறுகி, விட்டதும் நிமிர்வதுதான் பிஸ்டனை இழுக்கிறது. அந்தச் சின்ன இழுப்புக்கு உப்பிய ஹோஸ் வழிவிடுவதில்லை. பேடு உரசிச் சூடேற, அடைபட்ட ஆயில் விரிந்து இன்னும் இறுக்குகிறது. ஆறினால் மெல்லக் கசிந்து விடுகிறது. எங்கள் அரை மணி நேர டீக்கான காரணம் இவ்வளவுதான். 38,400 ரூபாய் செலவழித்த இடத்தில் இந்த நிப்பிளை ஒருவர் திறந்து பார்த்திருந்தால் போதும்.

ஹேண்ட் பிரேக் விஷயத்தில் பாய் அப்பாவைக் கேட்டார். அது எனக்கு மிகவும் பிடித்தது. பின் டிரம்மைக் கழற்றி, அதன் உள் பாகங்களைத் தாங்கும் பேக் பிளேட்டை அப்பாவின் மடியில் துணி விரித்து வைத்து, "ஐயா, நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்றார். ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் பின் வீல் சிலிண்டர் பேக் பிளேட்டில் இறுக்கிப் பூட்டப்பட்டது அல்ல. ஒரு நீள்துளையில் முன்னும் பின்னும் நகர வேண்டும். பிஸ்டன் ஒரு பக்க ஷூவை (டிரம்மின் உட்புறம் உரசும் பாகம்) தள்ளும், சிலிண்டர் உடம்பே எதிர்ப்பக்கம் நகர்ந்து மற்ற ஷூவைத் தள்ளும். அப்பா கட்டைவிரலை வைத்துத் தள்ளினார். நகரவில்லை. "இது தூங்குது பாய். லைன்ல நாங்க பெருவிரலால தள்ளிப் பார்த்துட்டுத்தான் அடுத்த ஆளுக்கு விடுவோம்" என்றார். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய பழக்கம் அவர் விரலில் அப்படியே இருந்தது. துளையின் விளிம்பில் துரு. ஷெட் பையன் அதைக் கம்பி பிரஷ்ஷாலும் மெல்லிய அரத்தாலும் சுத்தம் செய்து கிரீஸ் வைத்து, இரண்டு சிலிண்டரும் விரலுக்கு நகர்வதை அப்பா பார்த்த பிறகுதான் ஷூவை ஏற்றினான்.

நான்கு ஹோஸும் புதுசு. கேலிப்பருக்கு சீல், இடது கேலிப்பருக்கு இரண்டு பிஸ்டன், பின் சிலிண்டர்களுக்கு கிட். ஏறக்குறைய அளவுள்ள சீல் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைத்தும் பாய் தொடவில்லை. இங்கிலாந்திலிருந்துதான் தருவிக்கச் சொன்னார். மூன்று வாரம் ஆனது. இதில் ஒரு சின்ன வருத்தம் எனக்கு உண்டு. ஸ்பிட்ஃபயரின் பிரேக் கர்லிங் கம்பெனியின் தயாரிப்பு. ஸ்பிட்ஃபயர் பிறந்த அதே 1962-ல்தான் டிவிஎஸ், லூகாஸோடு சேர்ந்து நம் சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கியது. டிவிஎஸ் கர்லிங் என்ற பெயர் இங்கே மூலைக் கடைக்காரருக்கும் தெரியும். ஆனாலும் இந்தப் பழைய கேலிப்பரின் சீல் கப்பலோ விமானமோ ஏறித்தான் வர வேண்டியிருக்கிறது.

சேஸிஸ் ஓரமாக ஓடும் இரும்புக் குழாய் கிளிப்புக்கு அடியில் அரித்திருந்தது. எங்கள் வண்டியில் ஒரே சர்க்யூட்தான், ஒரு இடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரமும் போச்சு. காப்பர்-நிக்கல் குழாய் போட்டுக் கொடுத்தார். வெறும் செம்புக் குழாய் மலிவுதான், ஆனால் அதிர்வில் இறுகி வெடித்துவிடும் என்று மறுத்துவிட்டார்.

வேலை சுத்தத்தைச் சொல்லியாக வேண்டும். ரப்பர் படும் எந்தப் பாகத்தையும் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவ விடமாட்டார். ஒரு டப்பாவில் ஸ்பிரிட், ஒன்றில் புது பிரேக் ஆயில், சின்ன டின்னில் சிவப்பு ரப்பர் கிரீஸ். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடாமல் ஈரத்துணியால் துடைத்தார்கள். பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். மட்கார்டு மேல் எப்போதும் ஈரக் கோணி. ஒருமுறை ஒரு சொட்டு ஆயில் பெயிண்ட் மேல் விழுந்தபோது பையன் ஒரு மக் தண்ணீரோடு ஓடிவந்து கழுவிவிட்டான். பிரேக் ஆயில் பெயிண்டை உரித்துவிடும் என்பது தெரிந்தவர்களுக்கு அந்த ஓட்டத்தின் அருமை புரியும்.

ஊற்றிய பிரேக் ஆயில் டாட் 4 என்ற தரம். சீல் உடைக்காத டப்பாவை என் எதிரில் திறந்தார், மிச்சத்தைத் திருப்பி அலமாரியில் வைக்கவில்லை. "மெட்ராஸ் காத்துல மூடி தொறந்தா தண்ணி குடிச்சிடும்" என்றார். கணக்கும் அதைத்தான் சொல்கிறது. டாட் 4-க்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு 155 இருந்தால் போதும் என்கிறது தரநிர்ணயம். கடற்கரை ஊரில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள் என்பது அவர் அறிவுரை. ஏர் எடுப்பதற்கு, அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதற்கு, முன்னால் பின் சக்கர ஷூக்களை அட்ஜஸ்டரில் இறுக்கிவிட்டு, மாஸ்டரிலிருந்து அதிக தூரத்தில் இருக்கும் இடது பின் சக்கரத்தில் ஆரம்பித்து, வலது பின், இடது முன், கடைசியாக வலது முன் என்று வந்தார். பெடல் மிதித்தது நான். "மெதுவா… பிடிங்க… விடுங்க." முக்கால் மணி நேரம்.

குறைகளும் உண்டு. இரண்டு வாரம் என்றவர் ஐந்து வாரம் எடுத்தார். பார்ட்ஸ் வர மூன்று வாரம் ஆனது நியாயம். ஆனால் கடைசி ஒரு வாரம் வேறு வண்டியை உள்ளே விட்டுவிட்டு எங்களுடையதை ஓரம் கட்டியிருந்தார்கள். ஒரு போன் செய்து சொல்லியிருக்கலாம். நானே நேரில் போய்த்தான் தெரிந்துகொண்டேன். எஸ்டிமேட் கேட்டால் மட்டுமே கிடைக்கும், அதுவும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மழை பெய்தால் சந்தில் தண்ணீர் நிற்கிறது. பெண்களுக்குக் கழிவறை வசதி இல்லை, நாள் முழுக்க உடனிருந்து பார்க்க நினைப்பவர்கள் இதை யோசித்துப் போக வேண்டும். வெள்ளி மதியம் தொழுகை நேரத்தில் ஷெட் மூடியிருக்கும். ஏ.பி.எஸ். உள்ள புது வண்டிகளை அவர் எடுப்பதில்லை.

பில்லில் கூலி 14,500, மீதி 41,200 பார்ட்ஸும் அதை வரவழைத்த செலவும் வரியும். ஜிபே உண்டு. கழற்றிய பழைய பாகங்கள் அத்தனையும், பிளந்த ஹோஸ் உட்பட, ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்தார்.

வண்டியை எடுத்த ஞாயிறு விடியற்காலை ஐந்தரைக்கு பாயும் நானும் காமராஜர் சாலைக்குப் போனோம். காலியான ரோட்டில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்காமல் பிரேக்கை மிதிக்கச் சொன்னார். வண்டி கோடு போட்டதுபோல் நேராக நின்றது. மூன்று முறை. அப்புறம் அவரை ஷெட்டில் இறக்கிவிட்டு, அங்கே காத்திருந்த அப்பாவை ஏற்றிக்கொண்டு, அண்ணா சாலை, கத்திப்பாரா, மீனம்பாக்கம் வழியாக எங்கேயும் நிறுத்தாமல் குரோம்பேட்டை. வாசல் சரிவில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தியதும் அப்பா இறங்கி, இரண்டு முன் சக்கரத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். "ரெண்டும் ஒரே சூடு" என்றார்.

ஐந்து மாதம், சுமார் 1,100 கிலோமீட்டர் ஆகிறது. மகாபலிபுரம் இரண்டு முறை போய்வந்தோம். ஆயில் மட்டம் இறங்கவில்லை. பிளந்த ஹோஸ் இப்போது பள்ளியில் என் மேசை மேல் இருக்கிறது. பாஸ்கல் விதி எடுக்கும் வகுப்பில் பிள்ளைகள் கையில் கொடுப்பேன். கிளட்ச் சிலிண்டர் லேசாகக் கசிகிறது, அதற்கும் பாயிடம்தான் சொல்லிவைத்திருக்கிறேன். நீங்கள் போவதானால் காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். அதற்கு மேல் ஆட்டோக்கள் வந்து சந்து வழியை அடைத்துவிடும்.