தள்ளுபடியா, கூடுதல் காசா?

மலேசியாவின் பினாங்கில் ஒரு பல்கலைக்கழகக் கேன்டீன். தே தாரிக் (நுரை வர ஆற்றிய பால் தேநீர்) வாங்க நாமே டம்ளர் கொண்டுபோனால் 20 காசு குறைப்பதா, இல்லை பிளாஸ்டிக் கப்புக்கு 20 காசு கூடுதலாக வாங்குவதா? கணக்கு ஒன்றுதான், ஆனால் மனசு அப்படிப் பார்ப்பதில்லை. கிடைக்காமல் போன தள்ளுபடியைவிடக் கையிலிருந்து போகும் காசுதான் அதிகம் வலிக்கும், இதை உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979லேயே விளக்கிவிட்டார்கள். பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்விலும் கட்டணம்தான் வேலை செய்தது. இங்கேயே 2011இல் பிளாஸ்டிக் பைக்கு 20 காசு என்றானதும் வீட்டிலிருந்து பை எடுத்துப்போகப் பழகிய அம்மாக்கள் எத்தனை பேர்!

தள்ளுபடி என்றால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், சரி. ஆனால் ஏற்கெனவே டம்ளர் கொண்டுவருகிறவர்களுக்குத்தான் அது பெரும்பாலும் போய்ச் சேரும். நான் கட்டணத்தின் பக்கம். அதோடு, காசுக்குச் சிரமப்படும் பிள்ளைகளுக்குக் கேன்டீனிலேயே இரவல் டம்ளர் கட்டாயம் வேண்டும்.