காலாப்பட்டா, சிதம்பரமா, தேவனாம்பட்டினமா? கடலூர்ப் பக்கத்து முதுகலை அலசல்

கடலூரில் இளங்கலை முடிப்பவருக்கு முதுகலைக்கு மூன்று வாசல்கள். வடக்கே காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகமான புதுவைப் பல்கலைக்கழகம், தெற்கே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், உள்ளூரிலேயே தேவனாம்பட்டினத்துப் பெரியார் அரசு கலைக் கல்லூரி. ‘சென்ட்ரல் யுனிவர்சிட்டிதான் பெரிசு’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பெரிசுதான். ஆனால் அந்த வாசல் மற்ற இரண்டுக்கும் ஐந்தாறு மாதம் முன்பே திறந்து மூடிவிடும். அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

காலாப்பட்டுக்கு க்யூட் பி.ஜி. என்ற முதுகலைப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். விண்ணப்பம் டிசம்பர், ஜனவரி வாக்கில் திறக்கும். 2024, 2025 இரண்டு ஆண்டும் தேர்வு மார்ச்சில் தொடங்கியது. அதாவது, நீங்கள் ஆறாம் செமஸ்டருக்குள் காலெடுத்து வைக்கும்போதே விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும். ‘ரிசல்ட் வரட்டும், பார்ப்போம்’ என்பவருக்கு அந்த ஆண்டு முடிந்தது. அண்ணாமலையிலும் அரசு கல்லூரியிலும் பெரும்பாலான பாடங்களுக்கு இளங்கலை மதிப்பெண்தான் கணக்கு, சேர்க்கை கோடையில். அரசு கல்லூரிகளுக்குப் பொதுவான இணையதளம் உண்டு, விண்ணப்பச் செலவு நூறு ரூபாய்க்குள் அடங்கும். ஆக, தேதி மோதவில்லை. மூன்றுக்கும் போடலாம், போடத்தான் வேண்டும்.

க்யூட்டில் 75 கேள்வி, 90 நிமிடம். சரிக்கு 4, தவறுக்கு 1 கழிவு. ஒரு கேள்விக்கு 72 விநாடிதான். நான்கு விடைகளில் இரண்டை ஒதுக்க முடிந்தால் மிச்சத்தில் ஒன்றைத் துணிந்து குறிப்பது லாபம். பத்து மதிப்பெண் கேள்விக்கு நான்கு பக்கம் எழுதிப் பழகிய கைக்கு இது வேறு ஆட்டம். அறிவியல் தாள்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும் என்பதால் தமிழ்வழியில் படித்தவருக்குக் கூடுதல் சுமை. கோண உந்தம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு, ஆனால் திரையில் ‘ஆங்குலர் மொமென்டம்’ என்று வந்தால் பத்து விநாடி நின்றுவிடுவார். அக்டோபரிலேயே ஒரு நோட்டு போட்டு, பாடத்துக்கு முந்நூறு கலைச்சொல்லை இரண்டு மொழியிலும் எழுதிப் பழகினால் இது தீரும். க்யூட்டை நடத்தும் என்.டி.ஏ. தரும் பாடத்திட்டத்தை உங்கள் ஐந்து செமஸ்டர் பாடத்திட்டத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்து, உங்கள் கல்லூரியில் நடத்தாத அலகுகளை மட்டும் முதலில் படியுங்கள்.

வழுக்கும் இடம் இன்னும் இரண்டு. ஒன்று, தாள் குறியீடு. நீங்கள் கேட்கும் படிப்புக்குப் பல்கலைக்கழகம் எந்தத் தாளை ஏற்கிறது என்று பார்க்காமல், பெயர் ஒத்துப்போகிறதே என்று வேறு தாளைத் தேர்ந்தால் எடுத்த மதிப்பெண் வீண். இரண்டு, க்யூட் எழுதிவிட்டால் இடம் தானாக வராது. பல்கலைக்கழக இணையதளத்தில் தனியாகப் பதிய வேண்டும். நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு, அந்தப் பதிவைத் தவறவிட்டு ஜூலையில் கையைப் பிசைவது வருடா வருடம் நடக்கிற கதை.

அடுத்தது சான்றிதழ். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் 69 சதவீத ஒதுக்கீடு, பள்ளியில் வாங்கிய சாதிச் சான்றிதழே போதும். காலாப்பட்டு மத்தியப் பல்கலைக்கழகம், அங்கே ஓ.பி.சி.க்கு 27 சதவீதம். பி.சி., எம்.பி.சி. அட்டையை நீட்டினால் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வரவில்லை என்ற குறிப்போடு, நடப்பு நிதியாண்டில் வாங்கிய சான்றிதழ் வேண்டும். மாநிலப் பட்டியலில் உள்ள சாதிப் பெயர் மத்தியப் பட்டியலில் அதே எழுத்துக்கூட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏப்ரல் முதல் வாரமே இ-சேவை மையத்தில் போட்டுவிடுவது நல்லது. தாசில்தார் கையெழுத்து உங்கள் கடைசித் தேதிக்காகக் காத்திருக்காது.

ஆசிரியர் வேலைதான் குறி என்றால் கணக்கு மாறும். முதுகலை ஆசிரியர் தேர்வில் தமிழ்வழியில் படித்தோருக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த வேலைக்கான தகுதிப் படிப்பு வரை எல்லாமே தமிழ்வழியாக இருக்க வேண்டும். இளங்கலை வரை தமிழில் படித்தவர் ஆங்கிலவழி முதுகலையில் சேர்ந்தால், இந்த வேலைக்கு அந்த முன்னுரிமை போய்விடும். அப்படிப்பட்டவர் தமிழ்வழி முதுகலை நடத்தும் அரசு கல்லூரியை மட்டமாக நினைக்கத் தேவையில்லை.

பணம். அரசு கல்லூரியில் ஆண்டுச் செலவு சில ஆயிரத்தில் முடியும். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 வாங்கிய மாணவிகள் அது இளங்கலையோடு நின்றுவிடும் என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எஸ்.சி. மாணவர் காலாப்பட்டில் படித்தாலும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டியது சொந்த மாநிலமான தமிழ்நாட்டிடம்தான், புதுச்சேரியிடம் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் முதுகலை உதவித்தொகை மாதம் 15,000, ஆண்டுக்குப் பத்து மாதம். இளங்கலை மதிப்பெண்தான் அளவுகோல், எங்கே படித்தாலும் தேசிய உதவித்தொகைத் தளத்தில் போடலாம்.

போக்குவரத்தில் சிதம்பரம்தான் சுகம். திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறினால் சிதம்பரம், ஸ்டேஷனுக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் பல்கலைக்கழகம். சீசன் டிக்கெட் போதும். காலாப்பட்டுக்கு நேர் ரயில் கிடையாது. கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் நெரிசலைத் தாண்டிப் புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மறுபடி பஸ் ஏறி, கோட்டக்குப்பத்தில் ஒருமுறை தமிழ்நாட்டுக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். தினமும் போய் வந்து ஆய்வகப் படிப்பு படிப்பது நடக்கிற காரியமல்ல, விடுதி கிடைத்தால்தான் சரிவரும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு நான்காவது வாசலும் உண்டு: லாஸ்பேட்டை காஞ்சி மாமுனிவர் பட்டமேற்படிப்பு நிறுவனம். பட்டத்தில் இருப்பதும் புதுவைப் பல்கலைக்கழகத்தின் பெயர்தான்.

உள்ளே போன பிறகு? காலாப்பட்டில் அகமதிப்பீடு 40, செமஸ்டர் தேர்வு 60. தமிழ்நாட்டில் பரவலாக 25-75. கடைசிப் பத்து நாள் படித்துத் தேறியவர் காலாப்பட்டின் முதல் செமஸ்டரில் தடுமாறுவது இதனால்தான். செமினார், அசைன்மென்ட் ஒவ்வொன்றும் எண்ணப்படும்.

உண்மையான வித்தியாசம் தெரிவது புராஜெக்டில். இரண்டு பல்கலைக்கழகங்களிலும் பொதுக் கருவி ஆய்வகம் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. கலைக் கல்லூரி மாணவர் தான் தயாரித்த சேர்மத்தைச் சிறு குப்பியில் அடைத்து, பெயரொட்டி வெளியே அனுப்பி, சாம்பிளுக்கு இவ்வளவு என்று பணம் கட்டி வரிசையில் நிற்க வேண்டும். பிப்ரவரியில் அனுப்பினால் படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்.ஆர்.டி. வரைபடம் ஏப்ரலில் வரும், அதற்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கச் சொல்லிவிடுவார்கள். எனவே தேவனாம்பட்டினத்தில் படிப்பவர் மூன்றாம் செமஸ்டரிலேயே வழிகாட்டியைப் பிடித்து, டிசம்பருக்குள் சாம்பிளை அனுப்பிவிட வேண்டும். கடல் உயிரியல் என்றால் யோசிக்கவே வேண்டாம், அண்ணாமலையின் பரங்கிப்பேட்டை மையம் வெள்ளாற்று முகத்துவாரத்திலேயே இருக்கிறது. மற்ற அறிவியல் பாடங்களில் ஆராய்ச்சி, நெட் தகுதித் தேர்வு, ஜே.ஆர்.எஃப். ஆராய்ச்சி உதவித்தொகை என்று போகிறவருக்கு எங்கள் ஓட்டு காலாப்பட்டுக்கு. ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000. அது இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. சேர்ந்தாலும் 8,000 உண்டு.

உள்ளூரில் சேர்ந்த பிறகு காலாப்பட்டுப் பட்டியலில் பெயர் வந்தால் பதற வேண்டாம். அசல் சான்றிதழைச் சரிபார்த்ததும் திருப்பித் தர வேண்டும், விலகுபவருக்குக் கட்டணத்தைத் திருப்ப வேண்டும் என்று யு.ஜி.சி. 2018-லேயே சொல்லியிருக்கிறது. டி.சி. மட்டும் புதிதாகக் கேட்டு வாங்க வேண்டும், அதற்கு நான்கைந்து நாள் பிடிக்கும். விலகல் கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; பணம் திரும்ப வராவிட்டால் கையில் இருக்கும் ஆதாரம் அது ஒன்றுதான்.