சிங் சல்பேட் பைக்கற் - பள்ளக் காணிக்காரருக்கு ஓகே

கிளிநொச்சி ரவுண் பக்கம் ஒரு பசளைக் கடையில வாங்கினது, கடை பேர், கொம்பனி பேர் வேண்டாம். காலபோக நெல்லு, தண்ணி வடியாத பள்ளப் பக்கம் மட்டும் குறண்டிப்போய் இளம் இலையின்ர நடுநரம்பு அடியில வெளிறி, கீழ் இலையெல்லாம் கறள் நிறத்தில புள்ளி. கரைச்சு அடிச்சாப் பிறகு வந்த இலை நல்ல பச்சை. சாமான் வேலை செய்யுது, அதில கதை இல்ல.

ஆனா பைக்கற்றில எந்தப் பயிரையும் தூக்கி விடும் எண்ட மாதிரி எழுதிக் கிடக்கு பாருங்கோ, அதுதான் புழுகு. சிங், அதுதான் ஏ.எல்லில படிச்ச நாகம் (துத்தநாகம்), நொதியத்துக்குள்ள, அதாவது உயிருக்குள்ள இரசாயன வேலையை வேகமா ஓட வைக்கிற புரதத்துக்குள்ள, பூட்டின ஒரு பாகம். எங்கட ரத்தத்தில இருக்கிற காபனிக் அன்ஹைட்ரேஸ் எண்ட நொதியத்தை எடுங்கோ, ஹிஸ்டிடீன் எண்ட அமினோ அமிலம் மூண்டு சேர்ந்து ஒரு நாக அயனைப் பிடிச்சிருக்கு, அது தன்னில ஒட்டின தண்ணியில இருந்து ஒரு புரோத்தனைக் கழட்ட, மிச்ச ஐதரொட்சைட்டு காபனீரொட்சைட்டில பாய்ஞ்சு இருகாபனேற்று ஆகுது, செக்கனுக்கு கிட்டத்தட்ட 10 லட்சம் தரம்! நெல்லில இதே வேலை செய்யிற நொதியத்தில நாகத்தைப் பிடிக்கிறது ரெண்டு சிஸ்டீனும் (அதுவும் அமினோ அமிலம்தான்) ஒரு ஹிஸ்டிடீனும், நடுவில அதே நாகம்தான். தண்ணிக்க காத்தில்லாம கிடக்கிற வேருக்குத் தேவையான அல்ககோல் டிஹைட்ரஜனேஸ் எண்ட நொதியத்துக்கும் நாகம் வேணும். நாக அயன் இல்லாட்டி நொதியம் படுத்திடும், ஆனா இருக்கிற இடமெல்லாம் நிரம்பினாப் பிறகு இன்னும் ஊத்தி ஒண்டும் கூடாது, மிஞ்சினா பயிர் இரும்பு எடுக்கிறதுதான் குழம்பும்.

நாகம் மட்டுமில்ல, யூரியாவை உடைக்கிற யூரியேஸ் எண்ட நொதியத்துக்கு இதே மாதிரி ரெண்டு நிக்கல் வேணும். அமெரிக்க விஞ்ஞானி சம்னர் அதை 1926இலயே பளிங்காக்கிட்டார், உள்ள நிக்கல் இருக்கெண்டு 1975இலதான் பிடிச்சவை. நல்லகாலம் அந்தக் கடையில நிக்கல் பைக்கற் விக்கேல்ல, மண்ணில கிடக்கிறதே காணும்.

பெரிய குறை, எந்த சல்பேட் எண்டு போடேல்ல. பளிங்கில ஏழு தண்ணி மூலக்கூறு சேர்ந்ததில சிங் 21-22%, ஒரு தண்ணியில 33-36%, பிறகு என்னெண்டு அளவு போடுறது? கடைத் தம்பி வேற "அண்ணை, ரி.எஸ்.பி.யோட சேர்த்தே கரையுங்கோ" எண்டான், அது பொஸ்பேற்றுப் பசளை, பொஸ்பேற்றோட சேர்ந்தா சிங் கரையாம அடியில படியும், நொசிலும் அடைக்கும். தனியவே கரையுங்கோ.

5க்கு 3. மேட்டுக் காணிக்காரர், பயிர் பச்சையா நிண்டா இந்தக் காசை டீசலுக்கு வையுங்கோ.