வூசொங் முகத்துவாரத்திலிருந்து ஷாங்காய்க்குள்: பஸ்ஸா, டாக்ஸியா, மெட்ரோவா?

கப்பல் அட்டவணையில் 'ஷாங்காய்' என்று போட்டிருக்கும். காலையில் எழுந்து திரையை விலக்கினால் படங்களில் பார்த்த கோபுரம் ஒன்றுகூடத் தெரியாது. பழுப்பு நிறத்தில் யாங்சி ஆறு, வரிசையாகச் சரக்குக் கப்பல்கள், கரையில் முட்டை வடிவத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடம், அவ்வளவுதான். "இதுதானா ஷாங்காய்?" என்று என் அத்தை கேட்டார். இது பாவ்ஷான் மாவட்டம். ஹுவாங்பு ஆறு யாங்சியில் கலக்கும் வூசொங் முகத்துவாரம். எல்லாரும் பார்க்க வந்த பண்ட் ஆற்றங்கரை இங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர்.

ஏன் இவ்வளவு தள்ளி நிறுத்துகிறார்கள் என்றால், காரணம் ஒரு பாலம். 1993இல் திறந்த யாங்பு பாலத்துக்கு அடியில் கப்பல் போக இருக்கும் உயரம் 48 மீட்டர். இன்றைய பெரிய சொகுசுக் கப்பல்களோ 60 மீட்டருக்கு மேல் நிற்பவை. சின்னக் கப்பல்கள் மட்டும் பாலத்தைத் தாண்டி, பண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் வடக்கு பண்ட் முனையம்வரை போக முடியும். உங்கள் கப்பல் அங்கே நிற்குமானால் இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவையில்லை. இறங்கி நடந்து, 1907இல் கட்டிய வாய்பைது இரும்புப் பாலத்தைக் கடந்தால் பண்ட் வந்துவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மெட்ரோ 12ஆவது தடத்தில் 'இன்டர்நேஷனல் குரூஸ் டெர்மினல்' என்றே ஒரு நிலையம் உண்டு. அது அந்த வடக்கு பண்ட் முனையத்துக்கான நிலையம். பெரிய கப்பலில் வந்தவர் மாலையில் வரைபடத்தில் அந்தப் பெயரைப் பார்த்து நம்பிப் போய் இறங்கினால், கப்பல் வேறு திசையில் 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நின்றுகொண்டிருக்கும். கப்பல் ஏறும் சீட்டில் 'வூசொங்கோ' (Wusongkou, அதாவது இந்த வூசொங் முகத்துவார முனையம்) என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சரி, வூசொங்கோ என்றே வைத்துக்கொள்வோம். நகருக்குள் போக நான்கு வழிகள்: கப்பல் நிறுவனத்தின் சுற்றுலா பஸ், அவர்களே விடும் ஷட்டில் பஸ், டாக்ஸி அல்லது தீதி (கைப்பேசிச் செயலியில் கூப்பிடும் வாடகைக் கார்), கடைசியாக மெட்ரோ. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகும்போது டாக்ஸி, திரும்பும்போது மெட்ரோ. ஒரே வழியில் போய் வர வேண்டும் என்று யார் சொன்னது?

முதலில் பாஸ்போர்ட் விஷயம், ஏனென்றால் சிலருக்கு இந்த ஒப்பீடே கிடையாது. சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் 30 நாள்வரை விசா இல்லாமல் இறங்கி, இஷ்டம்போல் போகலாம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். சீனாவின் 240 மணி நேர விசா இல்லாப் பயணம் பற்றி இணையத்தில் நிறையப் படித்திருப்பீர்கள். அந்த நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. 2024 மே முதல், சொகுசுக் கப்பலில் வரும் வெளிநாட்டுக் குழுக்களுக்கு விசா இல்லாமல் 15 நாள் என்று ஒரு சலுகை இருக்கிறது. ஆனால் அதற்குச் சீனப் பயண நிறுவனம் ஏற்பாடு செய்த குழுவாகவே வந்து, குழுவாகவே சுற்றி, அதே கப்பலில் கிளம்ப வேண்டும். அப்படி வருபவர்களுக்குச் சுற்றுலா பஸ்தான். தனியாக டாக்ஸி பிடித்து நான்ஜிங் சாலைக்குக் கிளம்ப முடியாது.

சுற்றுலா பஸ்ஸைப் பலரும் இளக்காரமாகப் பேசுவார்கள், நானும் பேசியிருக்கிறேன். கொடி பிடித்த வழிகாட்டி, பட்டுக் கடையில் முக்கால் மணி நேரம், சாப்பாட்டு மேஜையில் சைவம் என்று சொன்னால் வரும் முழிப்பு எல்லாம் உண்மைதான். ஆனாலும் அதில் விற்கப்படுவது ஊர் சுற்றல் மட்டும் அல்ல. நெரிசலில் பஸ் மாட்டிக்கொண்டால், கப்பல் தன் சொந்தச் சுற்றுலாவில் போனவர்களுக்காகப் பொதுவாகக் காத்திருக்கும். நீங்களாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. அந்த நிம்மதிக்குத்தான் காசு.

அதன் அருமை ஷாங்காயில் தெரியாது, தியான்ஜினில் தெரியும். பெய்ஜிங் என்று அட்டவணையில் போடும் கப்பல்கள் உண்மையில் நிற்பது தியான்ஜின் துறைமுகத்தில். அங்கிருந்து பெய்ஜிங் நடுநகர் 170 கிலோமீட்டருக்கு மேல், பஸ்ஸில் ஒரு வழிக்கே சுமார் மூன்று மணி நேரம். பின்ஹாய் நிலையம்வரை டாக்ஸியில் போய், அங்கிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் பெய்ஜிங் தெற்கு நிலையம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டிக்கெட் பாஸ்போர்ட் எண்ணோடு முன்பதிவு செய்தது. காலையில் இமிக்ரேஷன் வரிசை நீண்டால் அந்த ரயில் போய்விடும். பின்ஹாய், பின்ஹாய் மேற்கு, பின்ஹாய் வடக்கு என்று மூன்று நிலையங்கள் வேறு இருக்கின்றன, ஓட்டுநர் எதில் இறக்கிவிடுவார் என்று கவனிக்க வேண்டும். பயணம் அங்கேயே முடிந்து பெட்டியோடு இறங்குபவர் ரயிலில் போகட்டும். மாலைக்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டியவர் பெய்ஜிங் பார்த்தே ஆக வேண்டும் என்றால், வாயை மூடிக்கொண்டு கப்பலின் பஸ்ஸில் ஏறுவதே புத்தி. இல்லையென்றால் தியான்ஜின் ஊரையே சுற்றலாம்.

ஷாங்காய்க்குத் திரும்புவோம். ஷட்டில் பஸ்ஸுக்கு அதிகம் சொல்ல இல்லை. நகரின் ஏதோ ஓர் இடத்தில் இறக்கிவிட்டு அங்கிருந்தே ஏற்றிக்கொள்ளும். கட்டணம் ஆளுக்கு ஆள். இரண்டு பேர் என்றாலே பெரும்பாலும் டாக்ஸிக்குப் பக்கத்தில் வந்துவிடும், நான்கு பேர் என்றால் கணக்கே வேண்டாம். தனியாக வருபவருக்கு, கைப்பேசியில் எதையும் நிறுவ விருப்பமில்லாதவருக்குச் சரியான வழி. திரும்பும் கடைசி பஸ் நேரத்தை ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

டாக்ஸிக்கு வருவோம். ஷாங்காயில் மீட்டர் 14 அல்லது 16 யுவானில் தொடங்கும், அது வண்டியின் வகையைப் பொறுத்தது. முதல் 3 கிலோமீட்டர் அதற்குள் அடங்கும். 15 கிலோமீட்டரைத் தாண்டியதும் கிலோமீட்டர் கட்டணம் ஒன்றரை மடங்காகும், அதனால் மீட்டர் திடீரென்று வேகமாக ஓடினால் ஏமாற்றுகிறார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். பண்டுக்குப் போய்ச் சேரும்போது நெரிசல் இல்லையென்றால் 100 யுவானை ஒட்டி வரும். இரவு 11 மணிக்கு மேல் கூடுதல் கட்டணம். டிப்ஸ் கிடையாது, கொடுத்தாலும் விழிப்பார்கள். இறங்கும்போது மீட்டர் துப்பும் ரசீதை வாங்கிப் பையில் போடுங்கள். அதில் வண்டி விவரம் இருக்கும், குடையை மறந்து வைத்தால் தேட உதவும்.

பிரச்சினை பணத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது. வூசொங்கோ பலருக்குப் பயணம் தொடங்கி முடியும் துறைமுகமும்கூட. சீனாவிலேயே கட்டிய முதல் பெரிய சொகுசுக் கப்பலான அடோரா மேஜிக் சிட்டி 2024 ஜனவரி 1 அன்று முதல் பயணம் கிளம்பியது இங்கிருந்துதான். அது ஒன்றே ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்றும். அப்படி ஒன்று பக்கத்தில் நிற்கும் காலையில் நீங்களும் இறங்கினால், டாக்ஸி வரிசையில் உங்களுக்கு முன்னால் ஒரு கல்யாணக் கூட்டமே பெட்டியோடு நிற்கும். அன்று எங்களிடம் ஓர் ஆள் வந்து, கைப்பேசியில் 300 என்று தட்டிக் காட்டினார். மீட்டர் கிடையாதாம், உடனே கிளம்பலாமாம். தலையை ஆட்டிவிட்டு வரிசையிலேயே நின்றோம். இருபது நிமிடத்தில் எங்கள் முறை வந்தது.

தீதி இருந்தால் அந்த வரிசையைத் தவிர்க்கலாம். தனிச் செயலி தேவையில்லை, சீனாவின் பணம் செலுத்தும் செயலியான அலிபேக்குள்ளேயே இருக்கிறது. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே அலிபேயில் நம் விசா கார்டையோ மாஸ்டர்கார்டையோ இணைத்து, பாஸ்போர்ட் சரிபார்ப்பையும் முடித்துவிட வேண்டும். துறைமுக வாசலில் நின்றுகொண்டு செய்யும் வேலை இல்லை அது, வங்கியின் ஓடிபி வராமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 200 யுவானுக்கு உட்பட்ட செலவுக்கு வெளிநாட்டு அட்டையென்று கூடுதல் கட்டணம் பிடிப்பதில்லை, டாக்ஸி அதற்குள் அடங்கிவிடும். சேருமிடத்தைத் தட்டச்சு செய்துவிடுவதால் ஓட்டுநரிடம் பேசவேண்டிய அவசியமும் இல்லை. கரையில் கப்பலின் வைஃபை எட்டாது, ரோமிங் இருக்க வேண்டும். கூகுள் மேப்பை நம்பி இறங்காதீர்கள், அங்கே அது ரோமிங் இல்லாமல் திறக்காது, திறந்தாலும் சரியாகக் காட்டாது.

ஆக, காலையில் டாக்ஸியோ தீதியோ. யிசியான் மேம்பாலச் சாலையில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் நகர். கொஞ்சம் தாமதமானாலும் நஷ்டம் நமக்குத்தான், கப்பல் எங்கேயும் போகாது. மூட்டு வலிக்காரரான அத்தை பின்னிருக்கையில் தூங்கிக்கொண்டே வந்துவிட்டார்.

மாலையில் கதை வேறு. 6 மணிக்குக் கிளம்பும் கப்பலுக்கு 5 மணிக்குள்ளாவது ஏறியிருக்க வேண்டும், அதாவது 4 மணிக்கு நீங்கள் துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருப்பீர்கள். ஷாங்காயின் மேம்பாலச் சாலைகள் நிரம்பத் தொடங்கும் நேரம் அது. அதே 25 கிலோமீட்டர் ஒன்றேகால் மணியும் ஆகலாம், ஒன்றரையும் ஆகலாம், முன்கூட்டிச் சொல்ல முடியாது. மெட்ரோ மெதுவானதுதான், ஆனால் எவ்வளவு மெதுவென்று தெரியும்.

நகர் நடுவில் இருக்கும் மக்கள் சதுக்கம் நிலையத்தில் 8ஆவது தடத்தில் வடக்கு நோக்கி ஏறி, நான்காவது நிறுத்தமான ஹோங்கோவ் கால்பந்து மைதானத்தில் இறங்குங்கள். அங்கே 3ஆவது தடத்துக்கு மாறி, பத்தாவது நிறுத்தம் பாவ்யாங் சாலை. எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் முடியும், டிக்கெட் 5 யுவானை ஒட்டி. மாறும் இடத்தில் நிலத்தடியிலிருந்து மேம்பாலத் தடத்துக்கு ஏற வேண்டும், நடை கொஞ்சம் உண்டு. நிலைய வாசலில் பையைச் சோதனைப் பட்டையில் போட வேண்டும், அதற்கும் ஐந்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

3ஆவது தடத்தில் இரண்டு இடங்களில் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். ஒன்று, பாவ்ஷான் சாலை என்றும் ஒரு நிலையம் இதே தடத்தில் இருக்கிறது. துறைமுகம் பாவ்ஷான் மாவட்டத்தில் இருப்பதால் அதுதான் போலிருக்கிறது என்று தோன்றும். அது நகருக்குள் இருப்பது, நமக்கு வேண்டியது பாவ்யாங். இரண்டு, சில ரயில்கள் சாங்ஜியாங் தெற்குச் சாலையோடு நின்றுவிடும். நமக்கு இன்னும் ஐந்து நிறுத்தம் பாக்கி இருக்கும்போது எல்லாரையும் இறக்கிவிடுவார்கள். பதற வேண்டாம், அதே நடைமேடையில் அடுத்த ரயிலுக்காக நிற்கலாம். ரயிலின் முகப்பில் ஜியாங்யாங் வடக்குச் சாலை என்று இருந்தால் கடைசிவரை போகும்.

இந்த 3ஆவது தடத்தின் வடக்குப் பகுதி மேம்பாலத்தில் ஓடுவதால், துணி காயும் பால்கனிகளை ஒட்டியே போவோம். இந்தத் தடத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. அந்தக் காலத்திலும் பெரிய கப்பல்கள் வூசொங்கில்தான் நின்றன, ஆற்றின் மணல்திட்டு உள்ளே விடவில்லை. அங்கிருந்து ஷாங்காய்க்கு ஆளையும் சரக்கையும் கொண்டுபோகத்தான் 1876இல் ஜார்டின் மேத்திசன் என்ற பிரிட்டிஷ் வணிக நிறுவனத்தார் ஒரு சின்ன ரயில் பாதை போட்டார்கள். சீனாவில் பயணிகளை ஏற்றி ஓடிய முதல் ரயில் அது. அரசாங்கத்தின் அனுமதி இல்லாமல் போட்டது என்பதால், அப்போது சீனாவை ஆண்ட சிங் அரசு அதை விலைக்கு வாங்கி 1877இல் பிடுங்கியே போட்டது. இருபது வருடம் கழித்து அதே பக்கம் மறுபடி பாதை வந்தது. பின்னாளில் மெட்ரோ அந்தப் பழைய பாதையின் தடத்தைத்தான் பல இடங்களில் எடுத்துக்கொண்டது. கப்பல் வெளியே, ஊர் உள்ளே என்ற தலைவலி நமக்குப் புதிதாக வந்தது இல்லை.

மெட்ரோவின் ஒரே பலவீனம் கடைசித் துண்டு. பாவ்யாங் சாலை நிலையத்திலிருந்து முனையம் சுமார் 3 கிலோமீட்டர். பெட்டி இல்லாதவர், நேரம் இருப்பவர் நடக்கலாம், அதே பாவ்யாங் சாலையில் கிழக்கே போய்க்கொண்டே இருந்தால் சாலை முடியும் இடத்தில் கப்பல் தெரியும். முனையத்தின் முகவரியே 'பாவ்யாங் சாலை, எண் 1' தான். நாங்கள் நிலைய வாசலில் டாக்ஸியை நிறுத்தினோம். வாயால் சொன்ன எதுவும் ஓட்டுநருக்குப் புரியவில்லை. காலையில் கப்பலின் வரவேற்பு மேஜையில் சீன எழுத்தில் எழுதி வாங்கிய சீட்டை அத்தை பர்ஸிலிருந்து எடுத்து நீட்டினார். ஓட்டுநர் ஒரு நொடி பார்த்துவிட்டு மீட்டரைத் தட்டினார். கப்பலின் வாசலில் இறங்கும்போது அது இன்னும் ஆரம்பக் கட்டணத்தைத் தாண்டியிருக்கவில்லை.