கூத்துப் பதிவுகளுக்குக் குளஸ்டர்: கமாண்ட் லைனில் எப்படி இருக்கிறது?

மட்டக்களப்பில் ஒரு வீடியோ ஸ்டூடியோவின் கணினி வேலைகளை நான் பார்க்கிறேன். கல்யாண வீடியோ, வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, விடிய விடிய ஆடுகிற வடமோடிக் கூத்து என்று வருடா வருடம் சேர்கிற பதிவுகள் ஒரு டிஸ்கில் அடங்காது. ஒரு கூத்துப் பதிவு அழிந்தால், அதைப் பழக்கிய அண்ணாவியாரைத் திரும்பக் கூட்டிவந்து எடுக்க எப்போதும் முடியாது. அதனால்தான், பல கணினிகளின் டிஸ்குகளை ஒரே சேமிப்பிடமாக்கிப் பிரதிகளும் வைக்கிற குளஸ்டர்எஃப்எஸ் என்ற திறமூல மென்பொருளைப் போட்டோம்.

எங்களிடம் இருப்பது மூன்று லினக்ஸ் கணினி. இரண்டில் பெரிய டிஸ்க், மூன்றாவது பழைய பெட்டி. கமாண்ட் லைனில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்கிற திரையில், ‘பீர் புரோப்’ கொடுத்தால் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும். இப்படிச் சேர்ந்த டிஸ்குகள் ஒரே சேமிப்பிடமாகத் தெரிவதுதான் ‘வால்யூம்’. ‘வால்யூம் கிரியேட்’ கட்டளையில் ‘ரெப்ளிக்கா 3 ஆர்பிட்டர் 1’ என்று சேர்த்தால், கோப்புகள் இரண்டு கணினியில் முழுதாகவும், மூன்றாவதில் பெயரும் விவரமும் மட்டுமாகவும் இருக்கும். அப்புறம் ‘வால்யூம் ஸ்டார்ட்’, அவ்வளவுதான். எந்தக் கோப்பு எங்கே என்று பதிந்துவைக்கத் தனிச் சேர்வர் கிடையாது. பெயரை வைத்தே கணக்குப் போட்டு இடத்தைக் கண்டுபிடிக்கும்.

இந்தக் கட்டளைகள் ஆளை எச்சரிக்கும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். வெறும் இரண்டு பிரதியோடு வால்யூம் உருவாக்கப் போனால், ‘ஸ்பிளிட் பிரெய்ன்’ வரலாம், அதாவது இரண்டு பிரதியும் தன்னுடையதுதான் சரி என்று நிற்கலாம் என்று சொல்லி, தொடரவா என்று கேட்கும். வால்யூமை நிறுத்தப் போனாலும் கேட்கும்.

ஆனால் இதன் உயிர் ‘ஹீல் இன்ஃபோ’. மழைக்காலத்தில் கரண்ட் போய் வரும்போது ஒரு கணினி பிந்தித்தான் எழும்பும். அதற்குள் எடிட் செய்கிற பொடியன்கள் மற்றதில் எழுதத் தொடங்கியிருப்பார்கள். அப்போது இந்தக் கட்டளையைக் கொடுத்தால், இன்னும் சரிசெய்யப்படாத கோப்புகளைப் பெயர் பெயராகக் காட்டும். ஒத்திசைவு தானாகவே நடக்கும், நாம் தூண்டத் தேவையில்லை. எண்ணிக்கை குறைந்து குறைந்து 0 ஆனதும்தான் எனக்கு மூச்சு வரும். இவ்வளவு நேர்மையாகத் தன் நிலையைச் சொல்கிற சேமிப்பு மென்பொருளை நான் வேறு பார்த்ததில்லை.

இன்னொன்று. எங்களுடையது போன்ற வால்யூமில் டிஸ்கைத் திறந்து பார்த்தால் கோப்புகள் சாதாரணக் கோப்புகளாகவே கிடக்கும். குளஸ்டர் முழுதும் படுத்தாலும் டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் போட்டு வீடியோவை எடுக்கலாம். இதே வேலைக்கான இன்னொரு மென்பொருளான செஃப் இதைவிடப் பெரியது, வல்லமையும் கூட. ஆனால் அது தரவைத் துண்டுகளாக்கித் தன் முறையில் எழுதிவைப்பதால் இந்த ஆறுதல் அங்கே இல்லை. மெமரியும் அதிகம் கேட்கும்.

குறைகளும் உண்டு. ஆயிரக்கணக்கில் சின்னப் படங்கள் கிடக்கிற ஃபோல்டரைத் திறந்தால் ஊர்ந்துதான் வரும். ‘வால்யூம் ஸ்டேட்டஸ்’ ஒரு டிஸ்க் இணைப்பில் இல்லை என்று காட்டும். ஏன் என்று சொல்லாது. லாக் கோப்புகளுக்குள் போய்த் தேட வேண்டும்.

பெரிய கவலை எதிர்காலம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி குளஸ்டர் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அதை 2011இல் ரெட் ஹேட் என்ற லினக்ஸ் நிறுவனம் வாங்கியது. அவர்களின் குளஸ்டர் தயாரிப்புக்கான ஆதரவு 2024 முடிவோடு நின்றுவிட்டது. திறமூலப் பதிப்பு இருக்கிறது, வேகம்தான் குறைவு. பெரிய கோப்புகளும் இரண்டு மூன்று கணினியும் உள்ள இடத்துக்கு இன்றைக்கும் தயங்காமல் சொல்வேன். இதில் டேட்டாபேஸ் வைக்க வேண்டாம்.

போடுகிறவர்கள் தனி பேக்கப்பும் வையுங்கள். ஒரு கோப்பை அழித்தால் எல்லாப் பிரதியிலும் உடனே அழியும். நாங்கள் மாத முடிவில் ஒரு வெளி டிஸ்கில் எல்லாவற்றையும் பிரதியெடுத்து, ஸ்டூடியோவுக்கு வெளியே வைக்கிறோம்.