செமாகுளூடைடா, டிர்செபடைடா? எடை குறைக்கும் வார ஊசிகள்

எடை எவ்வளவு குறையும் என்று மட்டும் பார்த்தால் டிர்செபடைடுதான் (மவுஞ்சாரோ) முந்துகிறது. இரண்டையும் நேருக்கு நேர் சோதித்த சர்மவுண்ட்-5 ஆய்வில், 72 வார முடிவில் சராசரி எடைக்குறைவு டிர்செபடைடுக்கு 20.2%, செமாகுளூடைடுக்கு (வெகோவி) 13.7%. செமாகுளூடைடு, குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோனைப் போலச் செயல்பட்டுப் பசியை அடக்குகிறது. டிர்செபடைடு அதோடு ஜிஐபி என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் செய்கிறது. தினமும் போட வேண்டிய பழைய லிராகுளூடைடு, பலனில் இரண்டுக்கும் பின்னால்தான்.

ஆனால் மாரடைப்போ பக்கவாதமோ ஏற்கெனவே வந்தவருக்குச் செமாகுளூடைடே முதல் தேர்வு. சர்க்கரை நோய் இல்லாத, இதய நோயுள்ள 17,604 பேரிடம் நடந்த செலக்ட் ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்ந்த ஆபத்தை அது 20% குறைத்தது. உடல் பருமனோடு தூக்கத்தில் மூச்சடைப்பும் இருந்தால் டிர்செபடைடு. அமெரிக்காவில் 2024 டிசம்பரில் அதற்கென்றே அனுமதி கிடைத்தது.

குமட்டல், வாந்தி போன்ற தொல்லைகள் பெரும்பாலும் டோஸை ஏற்றும் காலத்தில் வருபவை. அதனால்தான் மெதுவாக ஏற்றுகிறார்கள். செமாகுளூடைடு 0.25, 0.5, 1, 1.7, 2.4 மி.கி. என்று நான்கு வாரத்துக்கு ஒரு படி ஏறும். டிர்செபடைடு 2.5-இல் தொடங்கி, நான்கு வாரம் கழித்து 5. பிறகு தேவைப்பட்டால் மட்டும் 2.5 கூட்டிக்கொண்டே 15 வரை போகலாம். முதல் டோஸ் உடலைப் பழக்கத்தான். அதில் எடை குறையவில்லையே என்று பதற வேண்டாம். குமட்டல் அடங்கவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லி, அதே டோஸில் இன்னும் சில வாரம் நிற்பதே நல்லது. வாந்தியால் நீர் வற்றினால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். மேல்வயிற்று வலி விடாமல் இருந்து முதுகுக்கும் பரவினால் கணைய அழற்சியாக இருக்கலாம்: ஊசியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிர்செபடைடு அந்த மாத்திரை உடலில் சேர்வதைக் குறைக்கும். தொடங்கியபின் நான்கு வாரமும், ஒவ்வொரு முறை டோஸ் ஏற்றியபின் நான்கு வாரமும் ஆணுறை போன்ற கூடுதல் பாதுகாப்பு தேவை. குடும்பத்தில் மெடுல்லரி வகை தைராய்டு புற்றுநோய் இருந்தால் இரண்டு ஊசியுமே கூடாது. இன்சுலினோ கிளிமிபிரைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரையோ எடுப்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். அவற்றின் அளவை மருத்துவர் முன்கூட்டியே குறைப்பார்.

நிறுத்தினால் எடை திரும்புகிறது, இரண்டிலுமே. செமாகுளூடைடை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் ஏறிவிட்டது. ஆகவே விலை விசாரிக்கும்போது ஆரம்ப டோஸின் விலையோடு நின்றுவிடாதீர்கள். தொடர்ந்து போடப்போகும் டோஸுக்கு மாதம் எவ்வளவு என்று கேட்டு, அதை ஆண்டுக்கணக்கில் தாங்க முடியுமா என்று பார்த்துவிட்டு முதல் ஊசியைப் போடுங்கள்.