இலை ஓரத்தில் டாட்டிங் ரேந்தை: கிருஷ்ணகிரியில் கிடைக்கும் ஒரு கைவினைப் பரிசு

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு பெண்மணி, பதப்படுத்திய இலைகளின் ஓரத்தில் டாட்டிங் ரேந்தை (நூலை முடிச்சிட்டுச் செய்யும் லேஸ்) கோத்து, நடுவில் எம்பிராய்டரி செய்து, பரிசுப் பொருளாக வீட்டிலிருந்தே விற்று வருகிறார். பெயர்ப் பலகை எதுவும் இல்லை. சொல்லி வைத்தால் செய்து தருகிறார். கிளிசரினில் ஊறிய பலா இலை, நரம்பு மட்டும் எஞ்சிய அரச இலை, அழுத்தி உலர்த்திய மாவிலை என மூன்று வகைகள் அவரிடம் கிடைக்கின்றன. மூன்றையும் வாங்கிப் பரிசளித்தும் வீட்டில் வைத்தும் பார்த்த பிறகு, பலா இலையை யாருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். அரச இலையைப் பெறுபவர் யார் என்று யோசித்து வாங்க வேண்டும். மாவிலை, மாவட்டத்தின் அடையாளம் என்ற ஆசையில் வாங்கத் தோன்றினாலும், வேண்டாம்.

காரணம் ஊசித் துளையில் இருக்கிறது. துணியில் ஊசி ஏறும்போது இழைகள் விலகி வழிவிட்டு மறுபடியும் நெருங்கிக்கொள்கின்றன. இலையில் விழுந்த துளை அப்படியே நிற்கிறது. வெறுமனே உலர்த்திய மாவிலையில் அடுத்தடுத்துத் துளைகள் விழுந்தால், தபால்தலைத் தாளைப் போல அந்தக் கோட்டிலேயே கிழிந்துவிடும். எனக்கு வந்த இரண்டு மாவிலைகளில் ஒன்று நடுநரம்பை ஒட்டி அவ்வாறுதான் பிளந்தது. பலா இலையின் நிலை வேறு. ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு நீர் என்ற கலவையில் நாட்கணக்கில் மூழ்கியிருக்கும் இலைக்குள், நீர் இருந்த இடத்தைக் கிளிசரின் பிடித்துக்கொள்கிறது. அது எளிதில் ஆவியாகாததால் இலை மொறுமொறுப்பாகாமல், வளைத்தால் வளைந்து, விட்டால் நிமிர்கிறது. பச்சை போய்ப் பழுப்பேறும் என்பது உண்மைதான், ஆனால் அந்தப் பழுப்பின் மேல் வெள்ளை நூல் தெரியும் தெளிவு பச்சையின் மேல் வராது.

ரேந்தை வேலையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இவருடைய திறமை முழுவதும் அங்கேதான் தெரிகிறது. டாட்டிங் என்பது படகு வடிவச் சிறு ஷட்டிலில் நூலைச் சுற்றிக்கொண்டு, இரண்டு அரை முடிச்சுகள் சேர்ந்த இரட்டை முடிச்சுகளை வரிசையாக இட்டு, அவற்றை இழுத்து வளையமாக மூடியும் வளைவுகளாகத் தொடர்ந்தும் செல்லும் வேலை. இடையிடையே விடப்படும் பிகாட் என்னும் சிறு கண்ணிகளே ஒரு வளையத்தை அடுத்ததோடு இணைக்கின்றன. குரோஷாவில் ஒரு முனை அவிழ்ந்தால் வரிசையாகப் பிரிந்து வரக்கூடும்; டாட்டிங்கிலோ ஒவ்வொரு முடிச்சும் தனித்தனியே இறுகியிருப்பதால், ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற இடம் அப்படியே நிற்கும். பலர் கையில் எடுத்துப் பார்க்கும் பரிசுப் பொருளுக்கு இது பெரிய தகுதி. இவர் ரேந்தையை இலையில் நேராகத் தைப்பதில்லை. முதலில் இலையின் விளிம்பைச் சுற்றி நெல்மணி நீளத்துக்கு ஒன்றாகத் துளையிட்டு, பொத்தான் துளைத் தையல் போட்டு, அந்தத் தையலின் நூலில்தான் ரேந்தையின் கண்ணிகளைக் கோக்கிறார்; ஆகவே இழுவிசை இலையின் மேல் விழாமல் நூலின் மேல் விழுகிறது.

எம்பிராய்டரியில் அவர் காட்டும் அடக்கத்தையும் பாராட்டுகிறேன். தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையடிவாரத்தில், சிட்டிலிங்கியின் லம்பாடிப் பெண்கள் போர்கை என்ற பெயரில் செய்யும் வண்ணம் நிறைந்த தையலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, இந்த இலைகளில் வேலை குறைவாகத் தோன்றலாம். அந்த அடர்த்தியைத் துணி தாங்கும், இலை தாங்காது. நடுநரம்பை ஒட்டிக் கொஞ்சம் காம்புத் தையல், இரண்டு மூன்று பிரெஞ்சு முடிச்சுகள், அவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறார். பெயர் பொறித்துத் தரச் சொல்லிக் கேட்டதற்கு, எழுத்து வளைவுகளில் துளைகள் நெருங்கிவிடும் என்று மறுத்துவிட்டார். அது சரியான மறுப்பு.

அரச இலை மூன்றிலும் அழகானது. உதிர்ந்த இலைகளை வாரக்கணக்கில் நீரில் ஊறவைத்து, அழுகிய சதையை மென்மையான தூரிகையால் நீக்கி, வலைபோன்ற நரம்பை மட்டும் எடுக்கிறார். சலவைச் சோடாவில் கொதிக்கவைத்தால் வேலை விரைவில் முடியும், ஆனால் கொதி கூடினால் நரம்பும் நைந்துவிடும் என்பதால் அந்த வழியை அவர் நாடுவதில்லை. முதலில் ஒடியக்கூடிய வால்நுனிக்கு இரு பக்கமும் ரேந்தை வளைவு கொடுத்துப் பாதுகாத்திருக்கிறார். இருந்தும் இது கண்ணாடிக்குள் இருக்க வேண்டிய பொருள். குழந்தைகள் உள்ள வீட்டுக்குப் புத்தகக் குறியாகக் கொடுப்பது நியாயமில்லை.

குறைகளில் முக்கியமானது இலைக்குப் போடும் சட்டம் (ஃபிரேம்). இலையைப் பின் அட்டையில் பசை வைத்து ஒட்டியிருக்கிறார். அரச இலையில் அந்தப் பசை நரம்புகளுக்கிடையே மினுங்குகிறது. ரேந்தையின் நான்கு கண்ணிகளை அட்டையோடு நூலால் பிடித்தாலே போதும் என்று சொன்னேன். அடுத்த முறை அப்படிச் செய்வதாகச் சொல்லியிருக்கிறார். பலா இலையைப் பிளாஸ்டிக் உறையில் அடைப்பதையும் அவர் நிறுத்த வேண்டும்: கிளிசரின் காற்றின் ஈரத்தை ஈர்ப்பதால், மழைக்காலத்தில் உறைக்குள் இலை வேர்த்து ரேந்தையில் பழுப்புக் கறை ஏறுகிறது. காகித உறையும் அட்டைப் பெட்டியுமே பொருத்தம்.

சட்டமில்லாத பலா இலை 350 ரூபாய், சட்டமிட்ட அரச இலை 900 ரூபாய். ஓரத்தைச் சுற்றி ரேந்தை போடுவதற்கே நாள் முழுவதும் பிடிக்கும் வேலைக்கு முதல் விலை குறைவு. இரண்டாவது, சட்டத்தின் தரத்தைப் பார்க்கையில் சற்று அதிகம். சட்டமில்லாமல் வாங்கி, நமக்குத் தெரிந்த கடையில் இலைக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி விட்டுச் சட்டமிட்டுக்கொள்ளலாம். ஆவணி முகூர்த்தங்களுக்கு வேண்டுமென்றால் ஆடி பிறந்ததுமே சொல்லிவிடுங்கள்; ஒருவர் கை மட்டுமே வேலை செய்கிறது, அவசரப்படுத்தினால் வேலையை ஏற்க மறுக்கிறார்.